நாற்பத்தொன்றாவது வால்வு

கான்ட் ஊருக்கு மேலே மூடிப்போன பாக்சைட் சுரங்கம்.
மண் ஏற்கெனவே சிவப்பு.
அதைச் செவ்வாயாக்க
ஒரு சோடா புட்டியையும்
சைக்கிளோடு நின்ற இரண்டு பையன்களையும்
அப்புறப்படுத்தினால் போதுமாக இருந்தது.

உடை என் பொறுப்பு.
புடாபெஸ்டில், டிராம் பணிமனைக்குப் பின்னால்,
ஐந்து மாதம் பிரோஷ்காவும் நானும்
ஒரு மனிதனை வெளியுலகிலிருந்து பிரித்துத் தைத்தோம்.
பதினான்கு கிலோ.
உள்ளே மீன்தொட்டிக் குழாய் பதினெட்டு மீட்டர்,
பனிநீர் ஓட.
சிறுநீர் கழிக்க இருபத்திரண்டு நிமிடம்,
கூட இரண்டு பேர்.

வால்வுகளில் நாற்பது பொய்.
ஷாம்பூ மூடி, தோட்டக் குழாயின் கழுத்து,
ஒன்று பிரோஷ்கா மகளின் பால்புட்டி வளையம்.
எல்லாவற்றிலும் எண் குத்தினோம், எச்சரிக்கை எழுதினோம்,
உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து
பத்து வருஷம் உழைத்த களைப்பைக் கொடுத்தோம்.

மெய் ஒன்றுதான்.
வலது தோளுக்குக் கீழே, காமிரா வராத மடிப்பில்.
மடிக்கணினியிலிருந்து கழற்றிய விசிறி
அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கும்.
பார்க்க லட்சணமில்லை.
இதை மறைக்க முடியாதா என்றார் இயக்குநர் லொராண்ட்.
மறைக்கலாம் என்றேன்,
உள்ளே இருப்பவரும் மறைந்துவிடுவார்.

தலைக்கவசத்துக்கு விளக்கு வேண்டும்.
நிஜ விண்வெளிக்காரருக்கு அது வெளியே பார்க்கும், வழிக்கு.
எங்கள் ஆளுக்கு உள்ளே பார்க்கும், முகத்துக்கு.
அவருக்கு வழி தெரியாது.
வழி தெரியாத முகம்
நமக்குத் தெரியும்.

அறுபத்து நான்காம் காட்சி. ஜூலை. முப்பத்தெட்டு டிகிரி.
காற்று கசிந்து கெர்கே சாக வேண்டும்.
ஒரு வாரமாய்க் குளியலறைக் கண்ணாடியில் செத்துப் பழகியிருந்தார்.

நான் பாறைக்குப் பின்னால், பனிக்கட்டிப் பெட்டிமேல்,
காதில் ஒலிக்கருவி.
வசனத்துக்கு அடியில் விசிறியின் இரைச்சல்,
மூடிய ஜன்னலில் முட்டும் வண்டுபோல.
ஒலிப்பதிவாளர் வின்ட்செவுக்கு அது தலைவலி,
பிறகு துடைத்துக்கொள்கிறேன் என்பார்.
எனக்கு அதுதான் வசனம்.

மூன்றாவது டேக்.
வண்டு நின்றது.

கெர்கே மண்டியிட்டார். கண்ணாடியில் தட்டினார்.
காற்று, என்றார்.
கையெழுத்துப் பிரதியிலும் அதே சொல்தான்,
அதே இடத்தில்.
லொராண்ட் திரையை நோக்கிச் சாய்ந்தார்.
நாற்பது பேர்
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

நான் ரப்பர் செருப்போடு செவ்வாய்க்குள் ஓடினேன்.
கழுத்து வளையம், இடப்பக்கம் கால் திருப்பு.
பணிமனையில் ஒத்திகை பார்த்தபோது ஒன்பது விநாடி.
அன்று எவ்வளவு என்று
யாரும் எண்ணவில்லை.

இட்லிப்பானையைத் திறந்ததுபோல்
என்று எழுத வருகிறது; அவர்கள் ஊரில்
இட்லி இல்லை. ஆவி வந்தது, அவ்வளவுதான்.
உள்ளே பீட்ரூட் நிறத்தில் ஒரு முகம்.
இருமினார், வாந்தியெடுத்தார்,
என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
நன்றாக வந்ததா?

இரவு விடுதி அறையில் பிரித்துப் பார்த்தேன்.
ஈயப்பற்று விட்டிருந்தது,
கடுகளவு.
பற்றவைத்தது நான்தான்.
காலையில் இரண்டாவது விசிறி வைத்தேன்,
இடது தோளில், நன்றாகத் தெரியும்படி.
மறைக்கச் சொல்லி யாரும் வரவில்லை.

படத்தில் அந்த டேக்தான் இருக்கிறது,
என் நிழல் மண்ணில் விழுவதற்கு முந்தைய
பிம்பம்வரை.
திரையரங்கில் முன்வரிசைப் பெண்
பக்கத்திலிருந்தவரின் சட்டையைப் பற்றிக்கொண்டாள்.
நான் கண்ணை மூடி
அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன்.

வின்ட்செ சொன்னபடி துடைத்திருந்தார்.
இரைச்சல் முதலிலிருந்தே இல்லை.
ஆகவே
அது நிற்கவும் இல்லை.