பதினஞ்சு வேலம்பாளையத்தில் வலி நான்கு

காலை ஏழுக்குக் கைபேசி கேட்கிறது:
இன்று உங்கள் வலி எவ்வளவு?
பூஜ்ஜியம் முதல் பத்து வரை.

எங்க ஊர் பேரிலேயே பதினஞ்சு இருக்குதுங்களே,
பத்தோட நின்னா எப்படி என்றேன்.
அதற்குக் காது இல்லை.
நான்கை அழுத்தினேன்.
நான்கின் மஞ்சள் முகம்
சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.
பஸ்ஸுக்கு நிற்பவள் போல இருந்தது.

அடுத்து, குழாய்.
விலாவில் தொங்கும் குடுவையை
ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக் கோடு பார்க்கிறேன்.
நாற்பத்தைந்து மில்லி. நேற்று அறுபது.
நிறம் என்ன என்று நாலு கட்டம் காட்டுகிறது.
இருபத்திரண்டு வருசம்
செக்கிங் டேபிளில் நின்றவளுக்கு
ஒரே ஒரு இளஞ்சிவப்பு!
வெங்காயத்தோல், பீச், வெளுத்த ரோஸ்,
ஒரே லாட்டில் இரண்டு ரோல் தள்ளி மாறும் ரோஸ்...
ஷேட் கார்டில் மட்டும் பதினொன்று எனக்குத் தெரியும்.
சரி, இளஞ்சிவப்பு.

கட்டுப் பிரித்த அன்று
அழ வேண்டும் என்றுதான் கண்ணாடி முன் போனேன்.
கண் பழக்கத்துக்கு
அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணியது.
ஓரிடத்திலும் நூல் தாண்டவில்லை.
ரிஜெக்ட் போட ஒன்றுமில்லாமல்
ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.
அழுகை பிறகு வந்தது,
கொடியில் காய்ந்த பழைய பாடியை மடிக்கும்போது.
நான் பாஸ் பண்ணிய உருப்படிதான் அது.

கையைச் சுற்றி அளக்கச் சொன்னது.
டேப் கழுத்திலேயே கிடக்கிறதே.
முழங்கைக்கு மேலே நாலு விரற்கடை விட்டுச் சுற்றி
பதினொன்றரை என்று போட்டேன்.
திரை சிவந்தது.
பத்து நிமிசத்தில் கோயமுத்தூரிலிருந்து ஜெசிந்தா சிஸ்டர்:
"துளசிமணியக்கா, கை பதினொன்றரை சென்டிமீட்டரா?
கரண்டிக் காம்பா அது?"
இஞ்சுங்க சிஸ்டர், இஞ்சு.
சிரித்ததில் தையல் இழுத்தது.
அது ஆறு இருக்கும்.
அதை மட்டும் பதியவில்லை.

மூன்றாம் வாரம்
காயத்தைப் படமெடுத்து அனுப்பவும் என்றது.
ஒரு கையில் போன், ஒரு கை தூக்க முடியாது,
குளியலறை பல்புக்கு வெளிச்சம் பத்தாது.
சாயப்பட்டறையிலிருந்து வந்து
அப்போதுதான் கால் கழுவினார் அவர்.
டார்ச்சை நீங்க பிடிங்க என்றேன்.

அதுவரை அவர் பார்த்ததில்லை.
நானும் காட்டியதில்லை.
வெளிச்சத்தை என் மேல் வைத்துவிட்டு
கண்ணைப் பல்லி மேல் வைத்திருந்தார்.
ஆடுதுங்க என்றேன்.
அப்போது திரும்பினார்.
குழாய் சொட்டுவது கேட்டது.
பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று முறை கத்தியது.
பிறகு போனை வாங்கி,
நீலச்சாயம் போகாத விரலால் பிடித்து,
லென்ஸைத் துண்டில் துடைத்து,
"மங்கலா விழுந்திருக்கும். இன்னொண்ணு எடுப்போம்" என்றார்.

இரவு இரண்டரைக்கு
நைட் ஷிப்ட் வேன் திரும்பும் சத்தத்தில் விழிக்கிறேன்.
இடப்பக்கம் அரிக்கிறது.
சொறியப் போன கை
தட்டையான இடத்தில் போய் நிற்கிறது.
இதற்கு எந்த எண்?
கடைசியில் 'மற்றவை' என்றொரு கட்டம்.
இல்லாதது அரிக்குதுங்க என்று எழுதினேன்.
அனுப்பிய பிறகு வெட்கமாகிவிட்டது.

விடிந்ததும் பதில்:
"தெரியும் அக்கா. நிறையப் பேர் இரண்டரைக்குத்தான் எழுதுகிறார்கள்."

யாரென்று தெரியாது.
பல்லடத்திலோ, காங்கேயத்திலோ, மில் விடுதியிலோ
விளக்குப் போடாமல்
முகத்தில் மட்டும் நீல வெளிச்சம் விழ
ஒருத்தி தட்டிக்கொண்டிருக்கிறாள்,
அவளுக்கும் மஞ்சள் முகங்கள் போதவில்லை.

ஏழு மணி. சுவர்ப் பயிற்சி.
விரல்களால் நடந்து மேலே ஏறுங்கள் என்கிறது குரல்.
ஆட்காட்டி விரலும் நடுவிரலும்
சுவிட்ச் போர்டைத் தாண்டி
நேற்றைய சாக்பீஸ் கோட்டில் மூச்சு வாங்குகின்றன.
வீட்டு ஓனர் வெள்ளையடித்து ஒரு மாசம்தான்.
வந்தால் பேசிக்கொள்ளலாம்.
இன்றைய கோட்டைப் போடுகிறேன்.

கம்பெனி காலண்டர் மாட்டிய ஆணிக்கு
இன்னும் நாலு விரற்கடை.
மாதம் மாறிவிட்டது,
தாளைக் கிழிக்க யாரையும் விடவில்லை.