எது?

மூன்றாம் மாடியில் சர்க்கரை.
ஐந்தாம் மாடியில் நரம்பு.
நுவோரோ மருத்துவமனையில் லிஃப்ட்
ஈஸ்டரிலிருந்து பழுது.

கால் மரத்துப்போகிறது என்றேன்.
சர்க்கரையாக இருக்கும் என்றது ஐந்து.
மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்தான்,
வேறென்ன என்றது மூன்று.
இரண்டு சீட்டுகளோடும்
நான்காம் மாடிப் படியில் உட்கார்ந்தேன்.
அங்கே எனக்கு ஒரு நோயும் இல்லை.

சர்க்கரை மூத்தவள்.
பள்ளிக்கூடத்துக்கே என்னோடு வந்தவள்.
இளையவள் வந்த அன்று
தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.
உறையின் மேல் விழவில்லை,
மேசையில் விழுந்தது.
இன்னும் அந்த மேசையில் தேதி இருக்கிறதாம்.

இப்போது வலக்கை விரலில் ஊசி போட்டால்
உறைப்பதில்லை.
ரத்தத்தைப் பார்த்துத்தான்
குத்தியாயிற்று என்று தெரிந்துகொள்கிறேன்.
மூத்தவள் கொடுக்கும் வலியை
இளையவள் வாங்கி வைத்துக்கொள்கிறாள்.
நல்லதா என்று
எந்த மாடியிலும் கேட்கவில்லை.

நேற்றிரவு கை நடுங்கியது.
"எது?" என்றான் பக்கீஸ்யோ
கண்ணைத் திறக்காமலே.
பதினெட்டு வருடக் கல்யாணம்
இந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறது.
தெரியவில்லை என்றேன்.
ஒரு கையில் ஆரஞ்சுச் சாறு,
மறு கையில் என் ஊன்றுகோலோடு வந்தான்.
மீட்டர் நூற்றுப் பன்னிரண்டு காட்டியது.
மூத்தவள்மேல் பழி இல்லை.
சாற்றை அவனே குடித்தான்.

அடுத்தவளை விசாரிக்கலாம் என்று
விளக்கைப் போட்டால்
ஜன்னல் திறந்து கிடக்கிறது.
ஜனவரி மாதம்.
மலையிலிருந்து காற்று.

எனக்குக்
குளிர்ந்திருக்கிறது.