அர்த்தநாரி கேட்டதற்கு

மாத்திரையா, பேச்சா என்று கேட்டாய் அர்த்தநாரி,
தீவன லாரி எடைமேடையில் நிற்க,
நீ இறங்காமலே,
மக்காச்சோளத்தின் ஈரப்பதம் கேட்பவன்போல
முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

எனக்குத் தெரியும் என்று உனக்கு யார் சொன்னது?
மோகனூர் ரோட்டில் எல்லாப் பண்ணைக்கும் தெரியும்போல.

முதலில் மாத்திரைதான்.
நாமக்கல் டாக்டரிடம் ஐந்து நிமிடம் இருந்தது.
தூக்கம்? இல்லை. பசி? இல்லை.
சாகலாம்னு தோணுதா?
அதற்கு மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.
"கெணத்துக்கிட்டப் போனா சித்தெ நின்னுட்டு வாரனுங்க."
எழுதிக்கொண்டார்.

பாதி மாத்திரை, வெள்ளை.
பிளேடால் வெட்டினால் ஒரு பாதி எப்போதும் பெரிது.
முதல் பத்து நாள் ஒன்றுமில்லை,
வாய் மட்டும் சித்திரை மாதத்துக் கொரங்காடு.

கோழிக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறோம்.
வெயில் ஏறினால் தண்ணீரில் வைட்டமின் கலக்கிறோம்.
எந்த ஒறம்பரையும் கூண்டுக்கு முன்னால் நின்று
"மனசத் தைரியமா வெச்சுக்க சாமி" என்று சொன்னதில்லை.
எனக்குச் சொன்னார்கள்.
கொடுமுடிக்குப் போய் முழுகிவிட்டு வரச் சொன்னார்கள், போனேன்.
தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது,
அதைக் குறை சொல்லக் கூடாது.

இருபத்து மூன்றாம் நாளோ, நான்காம் நாளோ
அட்டை அடுக்கும்போது
கையில் ஒரு முட்டை சூடாக இருந்தது.
அவ்வளவுதான். சூடு தெரிந்தது.

பேச்சு அதற்கப்புறம்.
ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில், பேன்சி ஸ்டோருக்கு மேலே மாடி.
வியாழக்கிழமை, முக்கால் மணி நேரம், எண்ணூறு ரூபாய்.
பஸ் தனி.
"பேசறதுக்குக் காசா?" வீட்டுக்காரருக்குச் சிரிப்பு.
நாலு வருசம் பேசாமல் இருந்ததற்கு
ஆரும் தரலீங்களே என்று
பரமத்தி தாண்டினதும் பஸ்ஸில் பதில் வந்தது.

நஸ்ரின் என்று பேர். என்னைவிடப் பத்து வயசு சின்னவள்.
இரண்டு வியாழன் அழுதேன்,
அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
மூன்றாவது வியாழன் கேட்டாள்:
"இதுக்கு உங்க பக்கம் என்னங்க்கா பேரு?"
டிப்ரஷன் என்றேன், சீட்டில் இருந்தது.
"அது சீட்டுல. உங்க வாயில?"

வெசனம்.

சொன்னதும் நெஞ்சு பொக்குனு போச்சு அர்த்தநாரி.
கிணறு வற்றினவர்கள், மாடு செத்தவர்கள்,
முட்டை விலை இறங்கினவர்கள்
எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் சொன்ன வார்த்தை!
எனக்கென்று ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை.

பெரிய காரணம் கிடைக்கும் என்று இருவரும் தோண்டினோம்.
கிடைக்கவில்லை.
மழை பெய்து லோடு நனைந்தால்
லாரிக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்,
அதைத்தான் கண்டுபிடித்தோம்.
சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு, பேச்சே போதும் என்று
நானாக மாத்திரையை நிறுத்தினேன்.
நான்காம் நாள் தலைக்குள்
சோக்கு போன டியூப்லைட்.
டாக்டர் திட்டினார்.
நஸ்ரின் திட்டவில்லை, அதுதான் சங்கடம்.

இப்போதும் இரண்டும் இருக்கிறது.
குறைக்கலாம் என்கிறார், பார்க்கலாம்.
எது எதைச் செய்தது என்று பிரித்து எழுத
என் பேரேட்டில் பத்தி இல்லை.
மாத்திரை இல்லாமல் அந்த மாடிப்படி ஏறியிருப்பேனா, தெரியாது.
ஏறாமல் இருந்திருந்தால்
முட்டைச் சூட்டோடு நின்றிருப்பேன்.
உனக்கு வேறு மாதிரி இருக்கலாம்.
உனக்குப் பேச்சே போதும் என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு டோக்கன்.
கூட்டம் இருக்கும், சாப்பிட்டுவிட்டு வா.
தெரிந்தவர்கள் இருந்தால் ரத்தக் கொதிப்புக்கு என்று சொல்லிக்கொள்,
நானும் ஆறு மாசம் அப்படித்தான் சொன்னேன்.
வேண்டுமென்றால் பெஞ்சில் நானும் உட்காருகிறேன்.

இன்றைக்கு எடைச்சீட்டில் நீயும் சேர்ந்திருக்கிறாய்.
எண்பது கிலோ இருப்பாயா?
இறங்கச் சொல்லவில்லை நான்.
முதலாளி கேட்டால்
கேட்கட்டும்.