இரண்டாவது எண்

அக்கரைப்பேட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஐஸ் உடைக்கும் சத்தம் நுழையாத
கண்ணாடிக் கதவுக் கடை.
மேசைமேல் இரண்டு மஞ்சள் டப்பா.

பெரியதைத் தூக்கிக் காட்டினான் கடைப் பையன்.
படகோடு பூட்டிவைப்பது.
முங்கினால் தண்ணீரின் கனம் அறிந்து
தானே பூட்டைக் கழற்றிக்கொண்டு மேலே வரும்.
வானத்தைப் பார்த்து
நாற்பத்தெட்டு மணி நேரம் கத்தும்.

சிறியது உள்ளங்கைக்குள் அடங்கியது.
மிதவைச் சட்டையில் கோத்துக்கொள்வது.
கம்பியை நிமிர்த்தி நாமே அமுக்க வேண்டும்.
ஒரு நாள் கத்தும்.

"படகைத் தேடணுமா, ஆளைத் தேடணுமா,
அத முடிவு பண்ணுங்க" என்றான்
பிஸ்கட் விலை சொல்கிற குரலில்.

சிங்காரவேல் பெரியதன் கனம் பார்த்தான்.
மூன்று பங்குக்காரர்கள், படகுக்கு ஒன்று;
கணக்கு பிசிறில்லாமல் வகுபட்டது.
நான் சிறியதை எடுத்து அவன் நெஞ்சில் வைத்தேன்,
தீபாவளிச் சட்டைக்கு அளவு பார்ப்பதுபோல.

கடையில் இருவருமே சொல்லாத ஒன்று:
போன ஐப்பசியில் கண்ணபிரானின் படகு
கோடியக்கரைச் சேற்றில் குப்புறக் கிடந்தது.
எஞ்சின் இருந்தது.
வலை இருந்தது.
சோற்று வாளியின் மூடிகூடத் திறக்கவில்லை.

"தம்பி, பைபர் போட்டு முங்காது" என்றேன்.
"கவுந்துதான் மிதக்கும்.
பூட்டு கழல எத்தன பாகம் ஆழம் போவணும்?"
பையன் அட்டையைப் புரட்டினான்.
"ரெண்டு பாகமாவது..."
"எங்க படகோட உயரமே இடுப்பளவுதான்."

சிங்காரவேல் சிரித்தான்,
அப்புறம் சிரிக்கவில்லை.
பெரியதை மெல்லக் கீழே வைத்தான்,
தூங்கும் குழந்தையை வைப்பதுபோல் அல்ல,
விலை படியாத மீனை வைப்பதுபோல.

சிறியது ஒன்றுதான் கட்டுப்படியானது.
உடம்புகள் மூன்று.
இருட்டில் ஓரம் நின்று வலை இறக்குபவன் எவனோ
அவன் போட்டுக்கொள்வது என்று பேச்சு.
அந்தப் பேச்சு கரையில் நடந்தது என்பது
எனக்குத் தெரியும்.

பிறகு படிவம்.
படகின் நீளம், நிறம், எத்தனை பேர்.
நீலம் என்று எழுதினேன்;
கவிழ்ந்தால் தெரிவது வெள்ளை அடிப்பாகம் என்று
அதையும் ஓரத்தில் எழுதினேன்.
கரையில் யாரைக் கூப்பிடுவது?
முதல் எண் என்னுடையது.
"எடுக்கலேன்னா? ரெண்டாவது?"

ஐஸ் கம்பெனியில் எனக்கு இரவு வேலை.
போன் வெளியே ஆணியில், பைக்குள்.
உள்ளே எந்திரம் கத்துகிற கத்தில்
சொந்தப் பெயரே காதில் விழாது.

பூனை நடந்தாலும் விழித்துக்கொள்ளும் ஒருத்தி உண்டு.
இரண்டாம் மணிக்குள் எடுப்பாள்.
தப்பாய் வந்த அழைப்பையும் வைக்கமாட்டாள்,
எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்று கேட்டுத்தான் விடுவாள்.
தில்லைநாயகி. என் ஓரகத்தி.
பழைய எஞ்சின் விற்ற காசில்
ஏழாயிரம் கணக்கு இடித்து
மூன்று வருடமாய் முகம் பார்க்கவில்லை.
குழாயடியில் அவள் குடம் நிரம்பும்வரை
நான் தெருமுனையில் நிற்பேன்.

போனில் எப்போதோ அழித்தாயிற்று.
பேனா பத்து இலக்கத்தையும்
நிறுத்தாமல் எழுதியது.
சிங்காரவேல் படித்துவிட்டு
கடையின் மின்விசிறியைப் பார்த்தான்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லி வையுங்க" என்றான் பையன்.
"நடுராத்திரி யாரோ இங்கிலீஷ்ல பேசினா
பயந்து கட் பண்ணிடுவாங்க."
சோதனைப் பொத்தானை அழுத்தினான்.
பச்சை ஒரு தடவை சிமிட்டியது.

பாலத்தின் நடுவில் நின்றேன்.
கீழே விசைப்படகுகள் விலாவோடு விலா உரசின.
டீசல், கருவாடு, வாடைக்காற்றின் முதல் ஈரம்.
அமுக்கினேன்.

முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டாள்.
எனக்குக் குரல் வரவில்லை.
அந்தப் பக்கமும் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம்.
யாரு என்று கேட்கவில்லை.

"எங்க இருக்கே?" என்றாள்.

"பாலத்துல" என்றேன்.