வாசலிலிருந்து வாசலுக்கு

முகவரி இருந்தால்தான் விண்ணப்பம் என்றார்கள்.
பள்ளி எதுவென்று தெரிந்தால்தானே
எந்தத் தெருவில் வீடு பிடிப்பதென்று தெரியும்?
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.
டெர்ரியில், பாதி கட்டிய பெட்டிகளின் நடுவே
நானும் கோர்மக்கும்
ஸ்டாக்போர்ட்டின் வரைபடத்தை
விரலால் விரித்து விரித்துச் சுருக்கினோம்.

ஏழு பள்ளிகளுக்குப் போன் போட்டேன்.
"இரண்டாம் வகுப்பா? முப்பதும் நிரம்பிடுச்சு, கண்ணு"
என்றாள் ஒரு அலுவலகக்காரி.
அந்தக் 'கண்ணு'வை வைத்துக்கொண்டு
அன்றைய பொழுதை ஓட்டினேன்.

கவுன்சிலில் தூரம் அளப்பது
கால்களை வைத்து அல்ல.
நம் வாசற்படியிலிருந்து பள்ளியின் கேட் வரை
ஒரே நேர்கோடு.
கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு
அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
எங்களுடையது அறுநூற்று நாற்பது.

இருபத்தெட்டு மீட்டரை ஓரன்
நடைபாதையில் தாவிக் காட்டினான்.
முப்பத்தொரு தாவல்.
"இவ்வளவுதானாம்மா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை
கோட்டின் மேலேயே நடந்து பார்ப்போம் என்றேன்.
உனக்குக் கிறுக்கு என்றான் கோர்மக்,
சொல்லிக்கொண்டே தள்ளுவண்டியை விரித்தான்.
முதலில் பஸ் டிப்போவின் சுவர் மறித்தது.
அப்புறம் யாரோ ஒருவருடைய பீட்ரூட் பாத்தி;
மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து பார்த்தார்,
சுற்றிக்கொண்டு போனோம்.
ரயில் பாலத்தின் செங்கல் வளைவுகளுக்கு அடியில்
மான்செஸ்டர் வண்டி
எங்கள் பேச்சை நறுக்கிக்கொண்டு ஓடியது.
அப்புறம் ஆறு.
மெர்சியின் மேலே கோடு
கால் நனையாமல் போய்விட்டது.
நாங்கள் கரையில் நின்றோம்.
வண்டியில் டெர்வ்லா எப்போதோ தூங்கியிருந்தாள்.

அவளுக்கு மூன்று வயது.
நர்சரியில் செவ்வாயும் வியாழனும் காலை மட்டும் தரலாம்,
அதுவும் ஜனவரிக்குப் பிறகு.
எக்ஸ்ரே அறையில் எனக்கு வேலை
வாரத்தில் ஐந்து நாள், காலை ஏழரைக்கு.
எலும்பு முறிந்தவர்களைச்
செவ்வாய் வியாழனில் மட்டும் வரச் சொல்லவா?

மூன்று வாரம் ஓரன் வீட்டில்.
பிரிக்காத பெட்டிகளை வரிசையாக வைத்து
வருகைப் பதிவு எடுத்தான்.
"சமையலறை?" "உள்ளேன்."
"குளிர்காலத் துணி?" "உள்ளேன்."
"ஓரன்?"
அதற்கு மட்டும் பதில் வரவில்லை.
பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

ஒரு வியாழன், மாலை நாலு பத்துக்குப் போன்.
ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகிறதாம்,
இரண்டாம் வகுப்பில் ஒரு இடம்,
காத்திருப்போரில் முதல் பெயர் எங்களுடையது.
நன்றி சொல்ல மறந்து வைத்துவிட்டேன்.
மறுபடி கூப்பிட்டு நன்றி சொன்னேன்.
இரவு அடுப்படியைத் துடைக்கும்போதுதான் உறைத்தது:
நாங்கள் கிளம்பியபோதும்
டெர்ரியில் ஏதோ ஒரு சமையலறையில்
இப்படித்தான் மணி அடித்திருக்கும்.
யாரோ ஒருத்தி
ஈரக் கையோடு ஓடியிருப்பாள்.

திங்கட்கிழமை.
கோட்டு மாட்டும் வரிசையில்
வெளிநாட்டு எழுத்தாக ஒரு பெயர்,
சுரண்டியும் முழுசாகப் போகாமல்
பாதி ஸ்டிக்கரில் நின்றது. ததேயுஷாக இருக்கலாம்.
பக்கத்தில் ஒரு மஞ்சள் டிராக்டர் படம்.
ஆசிரியை புதுப் பெயரை அதன்மேல் ஒட்டப் போனாள்.
"கீழே ஒட்டுங்க" என்றான் ஓரன்,
"டிராக்டர் அவனோடது."

எட்டு ஐம்பத்து மூன்று.
டெர்வ்லா காத்திருப்புப் பட்டியலில் ஒன்பதாவது;
இன்றைக்கு அவளைப் பார்த்துக்கொள்ள
பக்கத்து வீட்டு மார்ஜரி ஒப்புக்கொண்டிருக்கிறாள்,
நாளைக்கு யாரென்று தெரியாது.
நான் திரும்பி ஓடத் தொடங்கியபோது
கேட்டின் கம்பி வழியாகக் கத்தினான்:
"அம்மா, அவனுக்கு அங்கே கொக்கி கிடைச்சிருக்குமா?"

பஸ் வந்துவிட்டது.