இரண்டு கிளிக்

பின் இடது சக்கரத்தின் கீழ்க்கைப் போல்ட்
உடும்புப் பிடியாய்ப் பிடித்திருந்தது.
ஐரிஷ் கடலின் பதினேழு வருட உப்பு
இரும்பை இரும்போடு சேர்த்துச் சமைத்துவிட்டது.
இத்வால் எண்ணெய் பீய்ச்சினான்.
நான் தீ காட்டினேன்.
ரப்பர் புஷ் கருகி
ஷெட்டெல்லாம் செத்த டயர் நாற்றம்.
கடைசியில் ஸ்பானரின் வாலில்
ஒரு மீட்டர் குழாயைச் செருகி
இரண்டு பேரும் தொங்கினோம்.
விவாகரத்துக்குப் பிறகு
நாங்கள் ஒரே திசையில் இழுத்தது அன்றுதான்.

போல்ட் முறிந்தது.
அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.
நான் ரம்பம் எடுத்தேன்.

வீட்டை விற்றாயிற்று. நாய் அவனோடு.
சமையலறைத் தராசு என்னோடு.
இந்தக் காரைப் பற்றி மட்டும்
வக்கீல் இரண்டு தடவை கேட்டும்
இருவருக்குமே காது கேட்கவில்லை.
ஒற்றைப்படை மாதம் அவனுக்கு,
இரட்டைப்படை எனக்கு.
இரண்டே இருக்கை, துணிக்கூரை,
வாங்கியபோது சிவப்பு.

ஹோலிஹெட் துறைமுகத்தில்
லாரிகளைக் கப்பலின் வயிற்றுக்குள் அடுக்குவது என் வேலை.
எந்தப் பாரம் எந்தப் பக்கம் போனால்
எவ்வளவு சாயும் என்று சொல்லிவிடுவேன்.
குளிர்காலத்து இரவு ஷிஃப்ட்டுகளெல்லாம்
அட்டைப்பெட்டிகளாக வந்திறங்கின:
மஞ்சள் ஷாக் அப்சார்பர் நான்கு,
குட்டையான, தடித்த ஸ்பிரிங்குகள்,
ஊதா நிறத்தில் மிட்டாய் மாதிரி புஷ்கள்.
விரல்நுனி அளவுக் குமிழைத் திருகினால்
கிளிக், கிளிக் என்று இறுகும்.
"முழுக்க இறுக்கு, எலினெட்" என்றான்.
அவன் எப்போதும் அப்படித்தான்.
இறுக்கினேன்.
நானும் அப்படித்தான்போல.

மார்ச் ஞாயிறு. தீவின் விளிம்பில் ஓடுதளம்,
வேலிக்கு அந்தப் பக்கம் அலை.

பழைய கார் வளைவில் தோளைத் தாழ்த்தும்,
"இதோ வருகிறேன், இரு" என்று அவகாசம் கேட்கும்.
அந்த அரை நொடிக்குள்
என் தப்பையெல்லாம் திருத்திக்கொண்டு
நன்றாக ஓட்டுகிறேன் என்று நம்பியிருக்கிறேன்,
எட்டு வருடம்.
இது அவகாசம் கேட்பதில்லை.
பிரேக்கிலிருந்து நான் காலை எடுத்த லட்சணத்தை
முதுகெலும்பு வழியாக
எனக்கே வாசித்துக் காட்டுகிறது.

மூன்றாவது சுற்று.
கடலைப் பார்த்துச் சரியும் இறக்கத்தில்
காயாத ஒரு ஈரத்திட்டு.
கடல்.
மலை.
கொடிக்காரரின் ஆரஞ்சுச் சட்டை.
மறுபடி கடல்.
புல்லில் நின்றபோது
இன்ஜின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல
முனகிக்கொண்டிருந்தது.

"ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்திருப்பாய்."
"ஆமாம், ஒடித்தேன்."
இதற்கு அவனிடம் பதில் இல்லை.
பாதி நாள் சண்டைக்குத் தயாராக வந்தவன்,
ஃபிளாஸ்க்கைத் திறந்தான், மூடினான்.

டிக்கிக் கம்பளத்தை விலக்கிக் கைவிட்டு
பின்பக்கம் மட்டும் தளர்த்தினேன்.
ஈன்.
டாய்.
வெல்ஷில் எண்ணினால்தான் எனக்குக் கணக்குத் தப்பாது.
"இரண்டு போதுமா?"
"தெரியாது."
இப்படி ஒருவரையொருவர் கேட்டு
எத்தனை நாளாயிற்று என்று
அவன் யோசித்திருக்கலாம். அல்லது
டயர் காற்றைப் பற்றி யோசித்திருக்கலாம்.
அதே முகம்தான் இரண்டுக்கும்.

மதியம் தளம் காய்ந்தது.
பழைய நேரத்தைவிட அவன் ஒன்றேகால் நொடி வேகம்.
நான் முக்கால் நொடி தாமதம்.
இரண்டையும் சாண்ட்விச் சுற்றிய தாளின்மேல்
பென்சிலால் எழுதிவைத்தேன்.
இறக்கத்தில் மட்டும், கடைசிச் சுற்றில்,
பின்சக்கரம் நழுவத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது,
நழுவுவதற்கு முன்னால்.
அதை எந்தத் தாளில் எழுதுவது?

ஒற்றைப்படை மாதம்.
என் வீட்டு முனையில் என்னை இறக்கிவிட்டுப் போனான்.
ரம்பம் தின்ற போல்ட்டின் பாதி
என் கோட்டுப் பையில் கனத்தது.
தெருமுனை வேகத்தடையில் கார் ஏறி இறங்கும்போது
புதிய புஷ் ஒன்று கிறீச்சிட்டது,
மூட மறந்த கதவுபோல,
இன்னொரு தடையில் இன்னொரு தரம்.

பின் இடதுதான்.
கிரீஸ் போட மறந்தது யார் என்று
ஏப்ரலில் சண்டை போட வேண்டும்.