பதினேழும் பத்தும்

நீதிமன்றம் என்னிடம் கேட்டது ஒரே ஒரு எண்:
ஐம்பத்து மூன்றாம் வருஷம் மே மாதம்
ஒரு சைகோன் பியாஸ்தருக்குப்
புதுச்சேரியில் எத்தனை ரூபாய்?

கேள்வியே பிழை.
அணாவில் கேட்டிருக்க வேண்டும்.

லபோர்த் வீதி வீடு, பாகப்பிரிவினை வழக்கு.
வாதி சோலாஞ்ச், பாரிசுக்கு வெளியே எங்கோ பல் மருத்துவர்.
பிரதிவாதி தொபியாஸ், முத்தியால்பேட்டையில் டயர் கடை.
சைகோன் துறைமுகத்தில் சுங்கக் குமாஸ்தா பாஸ்கல்,
அவள் வழி.
இங்கேயே இருந்து வீட்டைக் கட்டி முடித்த தங்கை பிலோமின்,
இவன் வழி.
இடையில் எண்பத்தேழு ரூபாய்.

அண்ணன் கடிதம், மே ஏழு, வியாழன்:
"தொள்ளாயிரம் பியாஸ்தர் அனுப்பியிருக்கிறேன்.
உன் கையில் இருநூற்றெட்டு ரூபாய் வரும்.
மாடிக்கு உத்தரம் வாங்கு."
தங்கை கையெழுத்திட்ட ரசீது, மே பதினைந்து, வெள்ளி:
நூற்று இருபத்தொன்று, சில்லறை அணா.

மிச்சத்தை அவள் தின்றாள் என்று
அந்தப் பக்கம் மூன்று தலைமுறை சொன்னது.
தொபியாஸின் அம்மா ஒரு கல்யாணத்துக்குப்
புதுப் புடவையில் போனபோது
"எண்பத்தேழு வருது பார்" என்றார்களாம்.
அதை என்னிடம் சொல்லும்போது
டயர் கடைக்காரர் சிரிக்கத்தான் பார்த்தார்.

காதிர் சுல்தான் மரைக்காயர் கடையின் பேரேடு
அவர் பேரன் வீட்டுப் பரணில் கிடந்தது.
கரையான் ஓரங்களோடு நின்றுவிட்டது, எண்களைத் தொடவில்லை.
அதில்தான் கற்றேன்:
பியாஸ்தருக்கும் ரூபாய்க்கும் நேர்ப்பேச்சு கிடையாது.
இந்தக் கரைக் காசும் அந்தக் கரைக் காசும்
ஒரு வார்த்தை பேச வேண்டுமானால்
பாரிசிலிருந்து பிராங்க் வந்து நடுவே உட்கார வேண்டும்.
பியாஸ்தருக்குப் பதினேழு பிராங்க்.
ரூபாய்க்கு எழுபத்து மூன்றரை.
வகுத்தால் மூன்றே முக்கால் அணா, ஒரு மயிரிழை குறைய.

சனிக்கிழமை வரைக்கும் அப்படித்தான்.
திங்கட்கிழமை வரியில்
பதினேழு அடிக்கப்பட்டு மேலே பத்து.
மை ஊறிப் பின்பக்கம் தெரிகிறது,
அவ்வளவு அழுத்தி அடித்திருக்கிறார்.
வியாழன் திருநாள், பிரெஞ்சு அலுவலகங்கள் பூட்டு.
வெள்ளி, ஜும்ஆவுக்கு முன்
பிலோமினுக்குப் பட்டுவாடா.

அண்ணன் பொய் எழுதவில்லை.
தங்கை பொய்க் கையெழுத்துப் போடவில்லை.
கடிதம் வானத்தில் இருந்தபோது
அதற்குள் இருந்த ரூபாய் மெலிந்துவிட்டது.
அவர் எழுதிய காசும் அவள் வாங்கிய காசும்
ஒரே தொள்ளாயிரம்தான்.

ஒரு மாலை முழுவதும் இதைத் தட்டச்சு செய்தேன்,
இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று.
மூன்றாவது இணைப்பில் கை நின்றது.

மரத்தொட்டி ரசீது, மே பதினாறு:
தேக்கு உத்தரம் நான்கு, இருநூற்றெட்டு ரூபாய்,
முழுத் தொகையும் ரொக்கம்.

அப்படியானால் அந்த எண்பத்தேழு?
யாரிடம் கேட்டாள், எதை விற்றாள்,
அண்ணனுக்கு ஏன் எழுதவில்லை?
மரைக்காயர் பேரேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
என் அறிக்கையிலும் இல்லை.
"ஆவணங்கள் வழி நிறுவ இயலவில்லை" என்று முடித்தேன்.
உத்தரம் இன்றும் இருக்கிறது.
அளவெடுக்கப் போனபோது தட்டிப் பார்த்தேன்,
கெட்டியான சத்தம்.

இப்போது பியாஸ்தர் இல்லை, அணா இல்லை,
நடுவே உட்கார்ந்த பிராங்க்கும் இல்லை.

என் கட்டணத்தை இரு தரப்பும் பாதிப்பாதி தர வேண்டுமென்று உத்தரவு.
தொபியாஸ் ரொக்கமாக எண்ணி வைத்தார்.
சோலாஞ்ச் போனில், இரண்டு முறை இருமிவிட்டு,
நிறுத்தி நிறுத்தித் தமிழில் கேட்டார்:
"யூரோவில் அனுப்பலாமா?
அனுப்புகிற நாள் ரேட்டா, மேடம்,
உங்களுக்கு வந்து சேர்கிற நாள் ரேட்டா?"